இறுக்கிப் பிடித்தால் சுரம் வராது

சனிக்கிழமை காலையில் பேண்டு பயிற்சி முடியும் நேரம், பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "சார், புது டிரம்பட் வாங்கிக் கொடுத்தா சரியாயிடுமா?"

பிள்ளைக்கு மேல் சுரம் வரவில்லை. பத்து நிமிடம் ஊதினால் உதடு மரத்துப் போகிறது. வீட்டில் நன்றாக வாசிக்கிறான், சபைகூடலில் 'நெகாராகூ' தொடங்கும்போது முதல் சுரமே பிசிறு தட்டுகிறது. கருவியில்தான் கோளாறு என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. கிள்ளானில் சில ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும், ஞாயிறு மாலைகளில் பிரிக்பீல்ட்ஸில் வேலைக்குப் போகும் சில பெரியவர்களுக்கும் பித்தளைக் கருவிகள் சொல்லித் தருகிறேன். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேருக்குக் கோளாறு கருவியில் இல்லை. தோளில் இருக்கிறது, கழுத்தில் இருக்கிறது, மனத்தில் இருக்கிறது. புதுக் கருவிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், இந்தக் கருவியில் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

நாகஸ்வரம் நமக்குத் தெரியும். அதன் உச்சியில் சீவாளி இருக்கிறது. காற்றுப் பட்டதும் சீவாளி அதிர்கிறது, அந்த அதிர்வு குழலுக்குள் நாதமாகிறது. டிரம்பட், டிராம்போன், டியூபா ஆகியவற்றுக்குச் சீவாளி கிடையாது. அங்கே நம் உதடுதான் சீவாளி. நம் கோயில்களில் முழங்கும் கொம்பும் எக்காளமும் திருச்சின்னமும் இந்தக் குடும்பம்தான். உதட்டை மூடி, அதன் நடுவே காற்றைச் செலுத்தி அதிர வைக்கிறோம். இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் 'ஏ' சுரத்தை டிரம்பட்டில் வாசிக்கும்போது உதடு ஒரு விநாடிக்கு 440 முறை திறந்து மூடுகிறது.

டிரம்பட்டில் இருப்பவை மூன்று வால்வுகள். அவற்றை எட்டு விதமாக மட்டுமே அழுத்த முடியும். ஆனால் அந்தக் கருவியில் முப்பதுக்கும் மேற்பட்ட சுரங்களை வாசிக்கிறோம். மீதி வேலையை யார் செய்கிறார்கள்? உதடும் காற்றும்தான். அதனால்தான் உடலில் எங்கே இறுக்கம் வந்தாலும் அது நேராகச் சுரத்தில் தெரிந்துவிடுகிறது.

மேல் சுரம் வேண்டும் என்றால் உதடு இன்னும் வேகமாக அதிர வேண்டும். அதற்குக் காற்று வேகமாகப் போக வேண்டும், உதட்டின் ஓரங்கள் உறுதியாக நிற்க வேண்டும். இது மெல்ல மெல்லப் பழகும் வேலை. ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கருவியை உதட்டோடு சேர்த்து அழுத்தினால் அந்த நேரத்துக்கு மேல் சுரம் வந்துவிடும். பிள்ளைகள் எல்லாரும் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். பிரச்சினை அடுத்த ஐந்து நிமிடத்தில் தொடங்குகிறது. மவுத்பீஸின் விளிம்பு உதட்டை நசுக்குகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, உதடு மரத்துப் போகிறது, அதிர்வு குறைகிறது. சுரம் வரவில்லையே என்று இன்னும் அழுத்துகிறார்கள். சீவாளியை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு நாகஸ்வரம் ஊத முயன்றால் எப்படி இருக்கும்? அதேதான்.

கடந்த ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவனின் கதையைச் சொன்னால் எளிதாக விளங்கும். நான்காம் படிவம். இரண்டாம் டிரம்பட் வாசித்துக்கொண்டிருந்தவன். மூத்த மாணவர்கள் எஸ்.பி.எம். தேர்வுக்காக ஒதுங்கியதும் முதல் டிரம்பட் பகுதி அவன் தலையில் விழுந்தது. போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. அப்பா போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டுபவர். தவணை கட்டிப் பழைய டிரம்பட் ஒன்றை மகனுக்கு வாங்கித் தந்திருந்தார். பயிற்சிக்கு வந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து, "நல்லா அழுத்தி ஊதுடா!" என்று உற்சாகப்படுத்துவார். பையன் அப்படியே செய்தான். உதட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுந்தது. உள் உதட்டில் பல் தடம் பதிந்து புண்ணானது. ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், நான் நிறுத்திக்கிறேன். அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றான்.

இது சின்ன விஷயம் இல்லை. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் பத்து விழுக்காட்டுப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு இருக்கிறது என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். தவணைப் பணம் இன்னும் முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பையனுக்கு இசை பிடித்திருந்தது. பிடித்த ஒன்றை வலி காரணமாக விடுவது வேறு, சலித்துப் போய் விடுவது வேறு. வலியால் விட்டவர்கள் பிற்காலத்தில் 'எனக்கு இசை வராது' என்று சொல்லிக்கொண்டே வாழ்வார்கள்.

நாங்கள் முதலில் தேடியது, இறுக்கம் எங்கே குடியிருக்கிறது என்பதை. நீங்களும் உங்கள் பிள்ளையிடம் இதே வரிசையில் பார்க்கலாம்.

முதலாவது, வலது கைச் சுண்டுவிரல். டிரம்பட்டின் மேலே ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதில் சுண்டுவிரலை மாட்டிக்கொண்டு, தெரியாமலேயே கருவியை முகத்தை நோக்கி இழுப்பார்கள். விரலைக் கொக்கியிலிருந்து எடுத்து மேலே சும்மா வைக்கச் சொல்லுங்கள். பாதி அழுத்தம் அங்கேயே குறையும்.

இரண்டாவது, இடது கை. டிரம்பட்டின் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அதைத் தாங்க முஷ்டி பிடிக்கத் தேவையில்லை. கருவியைத் திறந்த உள்ளங்கையில் படுக்க வைத்து, விரல்களால் பற்றாமல், நடுத்தர சுரம் ஒன்றை ஊதிப் பார்க்கச் சொல்வேன். அழுத்த வழியே இல்லை, ஆனாலும் சுரம் வரும். 'இவ்வளவு குறைந்த அழுத்தமே போதுமா?' என்று பிள்ளைகள் வியப்பார்கள். அந்த வியப்புத்தான் பாடம்.

மூன்றாவது, தோள். மூச்சை இழுக்கும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மூச்சு மேல் மார்போடு நின்றுவிடுகிறது. நல்ல மூச்சில் விலாவும் வயிறும் விரியும், தோள் அதன் இடத்திலேயே இருக்கும். பள்ளிப்பையைச் சுமந்து, கைப்பேசியைக் குனிந்து பார்த்துப் பழகிய தோள்கள் இவை. உடனே இறங்கா. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் ஒரு நூல் எழுதித் தசைத் தளர்வுப் பயிற்சியை உலகுக்குத் தந்தார். அதன் சாரம் எளிது. தசையை வேண்டுமென்றே சில விநாடி இறுக்கி, பிறகு விட வேண்டும். இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தளர்வு எப்படி இருக்கும் என்று தெரியும். 'தோளைத் தளர்த்து' என்று பத்து முறை சொல்வதைவிட, 'தோளைக் காதுவரை தூக்கு, ஐந்து எண்ணு, இப்போ விடு' என்று ஒரு முறை சொல்வது பலன் தரும்.

நான்காவது, கழுத்து. டாஸ்மேனியாவில் 1869-இல் பிறந்த அலெக்சாண்டர் என்ற மேடை நடிகருக்கு மேடையில் குரல் அடைத்துப் போகும். கண்ணாடி முன் நின்று தன்னையே கவனித்தார். வசனம் பேசத் தொடங்கும் கணத்தில் தலை பின்னுக்குப் போய்க் கழுத்து இறுகுவதைக் கண்டார். அவர் பெயரில் இன்று உலகெங்கும் இசைக்கலைஞர்களும் நடிகர்களும் கற்கும் முறை அந்தக் கண்ணாடியிலிருந்துதான் வளர்ந்தது. உங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியே போதும். கருவியை உதட்டுக்குக் கொண்டு வர வேண்டும். உதட்டைக் கருவிக்குக் கொண்டு போகக் கூடாது. தலை முன்னே நீண்டால் கழுத்து இறுகிவிட்டது என்று பொருள்.

ஐந்தாவது, தொண்டை. இது கண்ணுக்குத் தெரியாதது, அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும். கனமான அரிசி மூட்டையைத் தூக்கும்போது என்ன செய்கிறோம்? மூச்சை அடக்கி, தொண்டையை மூடி, வயிற்றை இறுக்குகிறோம். இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயரை இந்தச் செயலுக்கு வைத்திருக்கிறார்கள். பளு தூக்க அது உதவும். கருவி வாசிக்க அது எதிரி. பதற்றத்தில் இருக்கும் மாணவன் மூச்சை இழுக்கிறான், ஒரு கணம் அடக்குகிறான். தொண்டை மூடிக்கொள்கிறது. நடத்துநரின் கை இறங்கும் நேரத்தில் காற்று வர மறுக்கிறது. அதன்பின் வெடித்துக்கொண்டு வருகிறது. முதல் சுரம் உடைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இதற்கு மருந்து, மூச்சை நிறுத்தாமல் சுழல விடுவது. ஊஞ்சல் பின்னே போய் முன்னே வருவதுபோல, உள்ளே போன மூச்சு அப்படியே திரும்பி வெளியே வர வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தாளம் எண்ணி, நான்கில் மூச்சை இழுத்து, அடுத்த ஒன்றில் ஊதிவிட வேண்டும். நடுவில் நிறுத்தம் கிடையாது.

அந்தப் பையனுக்கு இந்த ஐந்தில் நான்கு இருந்தன. ஒரு வாரம் மேல் சுரங்களை முற்றாக நிறுத்தினோம். புண் ஆறியது. பிறகு தினமும் இருபது நிமிடம், நடுத்தர சுரங்கள் மட்டும், மெதுவாக. எவ்வளவு நேரம் ஊதுகிறானோ அவ்வளவு நேரம் ஓய்வு. இந்த ஓய்வு விதியைப் பிள்ளைகள் சோம்பல் என்று நினைக்கிறார்கள். ஓய்வில்தான் உதட்டுக்கு இரத்தம் திரும்புகிறது.

ஓய்வை மதிக்காதவர்களுக்கு நான் சொல்லும் பெயர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் டிரம்பட் கலைஞர். ஓயாத மேல் சுரங்களால் அவருடைய உதடு பலமுறை புண்பட்டது, வாசிப்பதை நிறுத்தி வைக்க வேண்டிய காலங்களும் வந்தன. வாயைச் சுற்றியுள்ள வளையத் தசை கிழிந்து போவதை மருத்துவர்கள் இன்று அவருடைய செல்லப்பெயரால் 'சாட்ச்மோ நோய்க்குறி' என்கிறார்கள். மேதைக்கே தசை தசைதான். உதட்டில் கூரிய வலி, நாள் கணக்கில் நீடிக்கும் மரப்பு, அடிக்கடி தலைசுற்றல் என்றால் ஊதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகள், கருவி வாசிப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லி, கம்பியை மூடும் மெழுகு கேட்டு வாங்குங்கள்.

இதுவரை உடல். இனி மனம்.

சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்தவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். பித்தளைக் குடும்பத்தில் அதிகக் காற்றுக் கேட்கும் கருவி டியூபா. ஜேக்கப்ஸுக்கோ ஆஸ்துமா இருந்தது, நுரையீரலின் கொள்ளளவும் குறைவு. ஆனாலும் உலகெங்குமிருந்து மூச்சுப் பாடம் கேட்க அவரிடம்தான் வந்தார்கள். அவருடைய பாடத்தை இரண்டே சொல்லில் அடக்கலாம்: பாட்டும் காற்றும். எந்தத் தசையை எப்படி வைப்பது என்று வாசிக்கும் நேரத்தில் யோசிக்காதே. எந்த நாதம் வேண்டுமோ அதை மனத்தில் உரக்கப் பாடு, காற்றை ஓட விடு, உடல் பின்தொடரும். தசையைப் பற்றிய சோதனை எல்லாம் பயிற்சி அறையோடு சரி.

நமக்கு இது புதிதல்ல. முதலில் வாயால் பாடிப் பிறகு குழலில் வாசிப்பது நம் மரபு. ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயில் திருவிழாவில் நாகஸ்வரக்காரர்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் வாசிக்கிறார்கள். கன்னம் உழைக்கிறது, விரல் உழைக்கிறது. தோளும் நெற்றியும் அமைதியாக இருக்கின்றன. தேவையான இடத்தில் மட்டும் உழைப்பு, மற்ற இடத்தில் ஓய்வு. இறுக்கம் குறைப்பது என்றால் துவண்டு கிடப்பது இல்லை, இதுதான்.

சரி, மேடைப் பயம்? நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கை நடுங்குகிறது. இது அட்ரினலின் செய்யும் வேலை. 'பயப்படாதே, அமைதியாக இரு' என்று நாம் சொல்கிறோம். படபடக்கும் நெஞ்சை அமைதியாக்கச் சொல்வது கடினமான உத்தரவு. ஹார்வர்ட் ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கரோக்கே பாட வேண்டியவர்களில் சிலரை, பாடும் முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்ல வைத்தார். 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொன்னவர்களைவிட அவர்கள் நன்றாகப் பாடினார்கள். இரண்டிலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது. அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் வேறு.

படபடப்பையும் பழகிக்கொள்ளலாம். அந்தப் பையன் அடுக்குமாடியில் குடியிருந்தான். இரண்டு மாடி ஏறி இறங்கி, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே கருவியை எடுத்து முதல் நான்கு அளவை வாசிக்கச் சொன்னேன். பிறகு பாட்டி முன்னால். பிறகு ஈப்போவில் இருக்கும் மாமாவுக்குக் காணொளி அழைப்பில். போட்டி நாளில் வரும் படபடப்பு அவனுக்குப் பழைய விருந்தாளி ஆகிவிட்டது.

அப்பாவிடம் நான் கேட்டது ஒரே ஒரு உதவி. "அண்ணே, ஆறு வாரம் காரில் பேண்டு பற்றிப் பேசாதீங்க. சாப்பிட்டியா, என்ன பாட்டுக் கேட்கலாம், அவ்வளவுதான்." அவருக்கு அது கஷ்டமாக இருந்தது. மகன் மேல் அக்கறை இல்லாத அப்பாவுக்குத்தான் அது சுலபம். ஆனாலும் காப்பாற்றினார்.

போட்டியில் அந்தப் பள்ளிக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. பையன் ஒரு மேல் சுரத்தைத் தவற விட்டான். அடுத்த சுரத்துக்குள் மீண்டு வந்துவிட்டான். என் கணக்கில் அதுதான் வெற்றி. முன்பெல்லாம் ஒரு சுரம் உடைந்தால் அந்த வரி முழுவதும் இடிந்துவிடும். இப்போது ஐந்தாம் படிவத்துக்கு வந்துவிட்டான், இன்னும் வாசிக்கிறான். அப்பா சொன்ன மதிப்புரையும் உண்டு: "இப்பெல்லாம் அவன் ஊதுனா பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்துறதில்ல சார்."

வேலைக்குப் போகும் வாசகர்கள் 'நமக்கும் டிரம்பட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்கலாம். என் ஞாயிறு வகுப்பில் டிராம்போன் கற்கும் இளம் கணக்காளர் ஒருவர், வால்சால்வா பற்றி நான் சொன்ன மறு வாரம் வந்து சிரித்தார். "மேலாளரோட மின்னஞ்சலைத் திறக்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்குறேன் சார். இத்தனை வருஷம் தெரியவே இல்ல." கேஎல் சென்ட்ரலில் ரயிலைப் பிடிக்க ஓடும் தோள், கூட்ட அறையில் பேச எழும்போது மூடிக்கொள்ளும் தொண்டை, நேர்முகத் தேர்வில் நாற்காலியின் கையைப் பிடிக்கும் முஷ்டி, எல்லாம் அதே இறுக்கம்தான். கருவி இருப்பவருக்கு ஒரு வசதி, தப்பை உடனே காதால் கேட்கலாம். மற்றவர்கள் தாமாகக் கவனிக்க வேண்டும்.

பெற்றோருக்கு இந்த வாரத்துக்கு ஒரு வேலை. பிள்ளை வாசிக்கும்போது சுரத்தைக் கேட்காதீர்கள், தோளைப் பாருங்கள். வாசித்து முடித்ததும் 'அந்த இடத்தில் ஏன் உடைஞ்சது?' என்று கேட்காமல், 'எந்த இடம் வாசிக்க சுகமா இருந்துச்சு?' என்று கேளுங்கள். அந்தச் சுகமான இடத்தில் உடல் எப்படி இருந்தது என்று பிள்ளையே யோசிக்கத் தொடங்கும். அதன் பிறகும் சுரம் வரவில்லை என்றால், அப்போது புதுக் கருவியைப் பற்றிப் பேசலாம்.